ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேலைநிறுத்தம் செய்தால்: நீதிமன்றத் தடை எப்படி வருகிறது?

1969 பிப்ரவரி. கலிபோர்னியாவில் ஒரு சூப்பர் மார்க்கெட். உறைந்த உணவுப் பொருட்கள் வைக்கும் ஃப்ரீசர் பெட்டிகளில் சரக்கை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்கியவர்கள் அந்தப் பிரிவின் மேற்பார்வையாளரும் அவருடைய ஆட்கள் சிலரும். அவர்கள் சங்க ஒப்பந்தத்துக்குள் வராதவர்கள். சங்கப் பிரதிநிதி அதைப் பார்த்துவிட்டார். பெட்டிகளைக் காலி செய்ய வேண்டும், சங்கத்து ஆட்கள்தான் திரும்ப அடுக்க வேண்டும் என்று கேட்டார். நிர்வாகம் இணங்கவில்லை. உடனே வேலைநிறுத்தம், கடை வாசலில் மறியல்.

அடுத்த ஆண்டு இந்த ஃப்ரீசர் தகராறு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பாக வந்து முடிந்தது. பாய்ஸ் மார்க்கெட்ஸ் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். சரக்கை யார் அடுக்குவது என்பதற்காக உச்ச நீதிமன்றம் உட்காரவில்லை. அந்தக் கடைக்கும் சங்கத்துக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்று நடப்பில் இருந்தது. தகராறு வந்தால் நடுவரிடம் போவோம், வேலையை நிறுத்த மாட்டோம் என்று அதில் எழுதியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த பிறகு வேலையை நிறுத்தினால், 'நிறுத்தாதே' என்று நீதிமன்றம் உத்தரவு போடலாமா? கேள்வி இதுதான். இந்தக் கட்டுரையின் கேள்வியும் இதுவே.

முதலில் ஒப்பந்தத்தைப் பார்ப்போம். சங்கமும் நிர்வாகமும் மாதக்கணக்கில் பேசி சம்பளம், வேலை நேரம், விடுப்பு, ஷிப்ட் எல்லாவற்றையும் முடிவு செய்து, இரண்டு மூன்று வருஷத்துக்கு என்று கையெழுத்துப் போடுகிறார்கள். தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள்: இவ்வளவு சம்பள உயர்வு, இத்தனை நாள் லீவு. நிர்வாகத்துக்கு என்ன கிடைத்தது? ஒப்பந்தக் காலம் முடியும் வரை வேலை நிற்காது என்கிற நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் அவர்கள் விலை கொடுக்கிறார்கள். ஒப்பந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் செய்யாமல் இருக்கும் இந்தப் பொறுப்பை அமைதிக் கடமை என்று சொல்லலாம். ஜெர்மானியத் தொழிலாளர் சட்டத்தில் அதற்கு அப்படித்தான் பெயர்.

இந்தக் கடமை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஒப்பந்தத்தில் பேசி முடித்த விஷயங்களுக்கு மட்டும் அது பொருந்தும். சம்பளத்தைப் பற்றி ஒப்பந்தம் இருந்தால் சம்பளத்துக்காக நடுவில் போராட முடியாது. ஒப்பந்தம் தொடாத வேறு விஷயத்துக்குப் போராடலாம். இந்தியச் சட்டமும் ஏறக்குறைய இதே வழிதான். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 23ஆம் பிரிவில், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அதில் அடங்கிய விஷயங்கள் குறித்து வேலைநிறுத்தம் கூடாது என்றது. 2020இல் இயற்றிய தொழில் உறவுகள் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. 'அதில் அடங்கிய விஷயங்கள்' என்ற சொற்களில்தான் வழக்கறிஞர்கள் நாள் முழுக்க வாதாடுவார்கள்.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. அங்கே 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டம், 417ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த காலாவதித் தேதி வரும் வரை எந்தக் காரணத்துக்காகவும் வேலைநிறுத்தமோ வேறு தொழில் நடவடிக்கையோ கூடாது என்கிறது. நிர்வாகமும் கதவடைப்பு செய்யக் கூடாது. ஒப்பந்தம் அந்த விஷயத்தைத் தொட்டதா, தொடவில்லையா என்ற பேச்சே இல்லை. முன்பு அங்கேயும் கொஞ்ச காலம் ஒரு வாசல் திறந்திருந்தது. எம்வெஸ்ட் என்ற வழக்கில், ஒப்பந்தத்தில் இடம்பெறாத கோரிக்கைக்காக நடுவிலேயே போராடலாம் என்று ஃபெடரல் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2005இல் வந்த திருத்தம் அதை மூடிவிட்டது. மூடியது மூடியதுதான்.

தடை என்றால் என்ன?

செய்தித்தாள்களில் 'தடை' என்ற ஒரே சொல் இரண்டு வேறு விஷயங்களுக்கு ஓடுகிறது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பையோ அரசு உத்தரவையோ மேல் நீதிமன்றம் நிறுத்தி வைப்பதும் தடை. ஒருவரைப் பார்த்து 'இதைச் செய்யாதே' என்று நீதிமன்றம் கட்டளையிடுவதும் தடை. நாம் பேசுவது இரண்டாவது வகை. சட்டத் தமிழில் உறுத்துக்கட்டளை என்பார்கள். நான் தடை உத்தரவு என்றே எழுதுகிறேன்.

சாதாரண வழக்கில் நஷ்டம் நடந்த பிறகு நீதிமன்றத்துக்குப் போய்ப் பணம் கேட்போம். தடை உத்தரவு அப்படிக் காத்திருப்பதில்லை. நடக்கப்போவதை, அல்லது நடந்துகொண்டிருப்பதை அங்கேயே நிறுத்தச் சொல்கிறது. அவசரம் என்று காட்டினால் ஓரிரு நாளில், சில சமயம் எதிர்த்தரப்பைக் கேட்காமலேகூட, இடைக்கால உத்தரவு கிடைக்கும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் நீதிபதி அந்தக் கட்டத்தில் முழு வழக்கையும் விசாரிக்க மாட்டார். விசாரிக்கத்தக்க முகாந்திரம் இருக்கிறதா, உத்தரவு போடாவிட்டால் வரும் நஷ்டம் பின்னால் பணத்தால் ஈடுகட்ட முடியாததா, உத்தரவு போட்டால் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று பார்ப்பார். கேட்டவர் ஒரு உறுதிமொழியும் கொடுக்க வேண்டும்: கடைசியில் என் பக்கம் நியாயம் இல்லை என்று முடிவானால், இந்த உத்தரவால் வந்த நஷ்டத்தை நான் கொடுக்கிறேன்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வேலைநிறுத்தத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். வேலைநிறுத்தத்தின் பலம் முழுக்க நேரத்தில் இருக்கிறது. சரக்கு தேங்கி நிற்கும் வாரம், ஆர்டர் குவிந்த மாதம், ஆட்கள் கொதித்துப்போய் ஒன்றாக நிற்கும் அந்த மூன்று நாள். இடைக்காலத் தடை வந்து ஆறு மாதம் கழித்து முழு விசாரணையில் சங்கம் ஜெயித்தாலும், அந்த மூன்று நாள் திரும்பி வராது. நிர்வாகத்தின் நஷ்டத்தைக் கணக்குப் போட ரசீதுகள் இருக்கும். கலைந்துபோன ஒற்றுமைக்கு எந்தக் கணக்காளர் ரசீது கொடுப்பார்? அதனால் இந்த வகை வழக்குகளில் இடைக்கால உத்தரவே பெரும்பாலும் கடைசி உத்தரவாகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு சரக்குக் கிடங்கில்

ஆஸ்திரேலியாவில் ஒரு சரக்குக் கிடங்கைக் கற்பனை செய்துகொள்வோம். 3 வருஷ ஒப்பந்தம், 14 மாதம் ஓடியிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை புது ரோஸ்டர் (ஷிப்ட் அட்டவணை) ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். சனிக்கிழமை ஷிப்ட் எல்லோருக்கும் கட்டாயம். ஒப்பந்தத்தில் இதற்கு முன் ஆலோசனை வேண்டும் என்று இருக்கிறது. யாரும் யாரையும் கேட்கவில்லை. மதிய இடைவேளையில் கூடிப் பேசுகிறார்கள். ஸ்கேனரை மேஜையில் வைத்துவிட்டு, ரோஸ்டரைத் திரும்பப் பெறும் வரை தொடமாட்டோம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் இது தொழில் நடவடிக்கை. மொத்தமாக வீட்டுக்குப் போனால்தான் என்று இல்லை. வழக்கமாகச் செய்யும் விதத்தை விட்டு வேறு விதமாக வேலை செய்வது, மெதுவாகச் செய்வது, சில வேலைகளை மட்டும் தொடமாட்டோம் என்பது எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். ஓவர்டைம் மறுப்பும் அப்படித்தான்.

நிர்வாகத்தின் வழக்கறிஞர் பெரும்பாலும் முதலில் தொழில் தகராறுகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் கமிஷனுக்குப் போவார். 418ஆம் பிரிவின் கீழ், சட்டப் பாதுகாப்பு இல்லாத நடவடிக்கை (காலாவதித் தேதிக்கு முன் நடப்பது அப்படித்தான்) நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று கமிஷனுக்குத் தோன்றினால், நிறுத்தச் சொல்லி அது உத்தரவு போட்டே ஆக வேண்டும். 'போடலாம்' என்று சட்டம் சொல்லவில்லை. முடிந்தவரை 2 நாளில் முடிவெடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. முடியாவிட்டால் பொதுவாக இடைக்கால உத்தரவாவது வரும். ரோஸ்டர் நியாயமா, ஆலோசனை நடந்ததா என்பதெல்லாம் அங்கே கேள்வி இல்லை. வேலை நின்றதா, ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா, அவ்வளவுதான்.

அந்த உத்தரவையும் மீறினால், அல்லது நேராக 417ஆம் பிரிவை வைத்தே, விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் தடை உத்தரவு போடலாம், அபராதம் விதிக்கலாம், இழப்பீடும் கொடுக்கச் சொல்லலாம். தடை உத்தரவின் வாசகம் 'போராடாதே' என்பதோடு நிற்காது. வேலைநிறுத்த அழைப்பைச் சங்கம் திரும்பப் பெற வேண்டும், அதை உறுப்பினர்களுக்கு இன்ன நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் வரும். நேற்று மேஜை மேல் ஏறி நின்று பேசிய அதே பிரதிநிதி இன்று அதே ஆட்களிடம் வேலைக்குத் திரும்புங்கள் என்று சொல்லும் நிலை. அந்த இடத்தில் நிற்பவரின் தொண்டையை நினைத்துப் பாருங்கள்.

சம்பளக் கணக்கு வேறு. பாதுகாப்பில்லாத நடவடிக்கை என்றால், அரை மணி நேரம் வேலையை நிறுத்தினாலும் குறைந்தது 4 மணி நேரச் சம்பளம் போய்விடும். நிர்வாகமே பெருந்தன்மையாகக் கொடுக்க நினைத்தாலும் சட்டம் கொடுக்க விடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தடை உத்தரவு யாரையும் தனி ஆளாகப் பிடித்து வேலை செய்ய வைப்பதில்லை. கூட்டாக நிறுத்துவதை, அதை ஏற்பாடு செய்வதைத்தான் தடுக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது: ஒரு தொழிலாளியின் சம்மதமில்லாமல் அவரை வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிட முடியாது. வேலையை விட்டுவிட்டுப் போகும் உரிமை அவருடையது.

மீறினால்?

நீதிமன்ற உத்தரவை மீறினால் அது நிர்வாகத்தோடு இருந்த சண்டை என்ற நிலை மாறி நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடும். சங்கத்துக்குப் பெரிய அபராதம், தலைவருக்குச் சிறை வரை போகலாம். அமெரிக்காவில் 1894 புல்மேன் ரயில் போராட்டத்தில் ரயில் தொழிலாளர் சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு நடந்தது இதுதான். போராட்டத்துக்கு எதிரான தடை உத்தரவை மீறியதாக 6 மாதச் சிறை. 1895இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஆஸ்திரேலியாவில் 1969 மே மாதம் மெல்போர்னில் டிராம் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் கிளாரி ஓஷே சிறைக்குப் போனார். வேலைநிறுத்தத் தடையை மீறியதற்காகச் சங்கத்தின் மேல் அபராதங்கள் சேர்ந்து கிடந்தன. சங்கம் கட்ட மறுத்தது. கணக்குப் புத்தகங்களைக் கொண்டு வரச் சொன்னார் நீதிபதி ஜான் கெர். ஓஷே மறுத்தார், அவமதிப்புக்காக உள்ளே அனுப்பினார்கள். நாடெங்கும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 6 நாளில் யாரோ ஒருவர் அபராதத்தைக் கட்டிவிட, ஓஷே வெளியே வந்தார். சட்டப் புத்தகத்தில் அந்தத் தண்டனைப் பிரிவுகள் இருந்தன; அதற்குப் பிறகு வெகுகாலம் அவற்றை எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அதே 1969இல் பிரிட்டனில் ஃபோர்டு கார் கம்பெனி வேலைநிறுத்தத்தை நிறுத்த நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தம் இருக்கிறது, சங்கங்கள் மீறுகின்றன என்றது. நீதிபதி தடை கொடுக்க மறுத்துவிட்டார். இந்த மாதிரிக் கூட்டு ஒப்பந்தங்களை நீதிமன்றத்தில் செல்லுபடியாக்கும் எண்ணத்தோடு இரண்டு தரப்பும் எழுதவில்லை, நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாடு அது என்பது தீர்ப்பின் சாரம். பின்னால் சட்டமும் அதையே சொன்னது: சட்டப்படி கட்டுப்படுத்தும் என்று எழுத்தில் இல்லாத கூட்டு ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. அதனால் பிரிட்டனில் நிர்வாகங்கள் தடை கேட்டு ஓடுவது பெரும்பாலும் ஒப்பந்தத்தை வைத்து இல்லை. வேலைநிறுத்தத்துக்கு முன் சங்கம் நடத்த வேண்டிய வாக்கெடுப்பிலும் கொடுக்க வேண்டிய நோட்டீஸிலும் உள்ள குறைகளை வைத்துத்தான்.

மறுபடி ஃப்ரீசர் பெட்டிக்கு

அமெரிக்காவில் டெப்ஸ் காலத்துக்குப் பிறகு நீதிமன்றங்கள் தடை உத்தரவை அள்ளிக் கொடுத்தன. அதைப் பார்த்து 1932இல் நோரிஸ்-லகார்டியா சட்டம் வந்தது. தொழில் தகராறில் ஃபெடரல் நீதிமன்றங்கள் தடை உத்தரவு கொடுப்பதை அது ஏறக்குறைய முழுசாக நிறுத்தியது. 1962இல் சின்க்ளேர் என்ற எண்ணெய்க் கம்பெனி வழக்கில், ஒப்பந்தத்தை மீறிய வேலைநிறுத்தமானாலும் அந்தச் சட்டம் இருக்கும் வரை தடை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். நீதிபதி பிரென்னன் அதற்கு உடன்படாமல் தனியாக எழுதினார். 8 வருஷம் கழித்து, பாய்ஸ் மார்க்கெட்ஸ் வழக்கில் அதே பிரென்னன் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதி, தன் பழைய மாற்றுக் கருத்தையே சட்டமாக்கினார். சின்க்ளேரில் பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி பிளாக் இந்த முறை எதிர்த்து எழுதினார்.

ஆனால் பிரென்னன் கதவை முழுசாகத் திறந்துவிடவில்லை. தடை வேண்டுமானால், எந்தத் தகராறுக்காக வேலை நின்றதோ அதே தகராறு ஒப்பந்தப்படி நடுவரிடம் போகக்கூடியதாக இருக்க வேண்டும். நிர்வாகமும் நடுவரிடம் போகத் தயாராக இருக்க வேண்டும். நீதிமன்றம் அதை நிபந்தனையாகவே வைக்கும். வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்ற வாக்குறுதி, நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம் என்ற வாக்குறுதிக்குக் கைமாறாகக் கொடுத்தது. ஒன்றை நிறைவேற்றச் சொல்லி வருபவர் மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

இதன் எல்லை 1976இல் பஃபலோ ஃபோர்ஜ் வழக்கில் தெரிந்தது. அலுவலக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு கோரிக்கையும் இல்லாமல், சகோதரர்களின் மறியலைத் தாண்ட மாட்டோம் என்று வெளியே நின்றார்கள். அவர்களுடைய ஒப்பந்தத்திலும் வேலைநிறுத்தம் கூடாது என்று இருந்தது. ஆனால் அவர்கள் நின்றதற்குக் காரணமான தகராறு நடுவரிடம் போகக்கூடியது இல்லை. அதனால் தடையும் இல்லை என்றது நீதிமன்றம், 5-4 என்ற கணக்கில்.

இந்த அமெரிக்க நிபந்தனைதான் இந்த விஷயத்தில் நியாயத்தின் அளவுகோல் என்று நான் நினைக்கிறேன். போராடாதே என்று ஒரு கதவை மூடினால், தகராறைத் தீர்க்கும் இன்னொரு கதவு நிஜமாகவே திறந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது இங்கேதான். தகராறு தீர்க்கும் பிரிவு ஒன்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு கடைசியில் கட்டுப்படுத்தும் தீர்ப்பில் போய் முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் கமிஷன் முடிவு சொல்லலாம் என்று எழுதினாலும் ஒப்பந்தம் செல்லும். அப்போது என்ன ஆகும்? நம் கிடங்கில் ரோஸ்டர் தகராறு கமிஷனுக்குப் போகிறது, பேசுகிறார்கள், தீரவில்லை, நிர்வாகம் தீர்ப்புக்குச் சம்மதிக்கவில்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று நீதிமன்றத்துக்குப் போகும் நீண்ட வழி மட்டும் மிச்சம். நிர்வாகத்துக்கு 2 நாளில் உத்தரவு, தொழிலாளிக்கு மாதக்கணக்கில் வழக்கு. சனிக்கிழமை ஷிப்ட் அதுவரை நடந்துகொண்டே இருக்கும்.

உயிருக்கு ஆபத்து என்றால் கதை வேறு. உடனடி ஆபத்து குறித்து நியாயமான அச்சத்தோடு ஒருவர் வேலையிலிருந்து விலகினால், ஆஸ்திரேலியச் சட்டத்தில் அது தொழில் நடவடிக்கையே ஆகாது. ஆனால் பாதுகாப்பான வேறு வேலை கொடுத்தால் காரணமில்லாமல் மறுக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டமும் வழக்கத்துக்கு மாறான ஆபத்திலிருந்து நல்லெண்ணத்தோடு விலகுவதை வேலைநிறுத்தம் என்று சொல்வதில்லை. ஆனால் 'பாதுகாப்பு' என்ற சொல்லை மட்டும் பேனரில் எழுதினால் போதாது. எந்த இயந்திரம், என்ன கோளாறு, எப்போது யாரிடம் சொன்னீர்கள் என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் தேதி. ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தின் காலாவதித் தேதி, கமிஷன் அங்கீகரித்த நாளிலிருந்து அதிகபட்சம் 4 வருஷம். அந்தத் தேதி தாண்டினாலும் ஒப்பந்தம் செத்துப்போவதில்லை. அதே சம்பளம், அதே விதிகள் தொடரும். ஆனால் 417ஆம் பிரிவின் பூட்டு அன்றோடு திறந்துவிடும். புது ஒப்பந்தத்துக்காக ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களித்து, அதில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்து, பொதுவாக 3 வேலை நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்துவிட்டால், முந்தின மாதம் தடை வாங்கிக்கொடுத்த அதே ஓவர்டைம் மறுப்பு சட்டப் பாதுகாப்போடு நடக்கும். அனுபவமுள்ள சங்கக்காரர்கள் புது ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சம்பள அட்டவணைக்கு முன்னால் இரண்டு இடங்களைத் தேடுவது இதனால்தான்: காலாவதித் தேதி ஆண்டின் எந்த மாதத்தில், வேலை குவியும் காலத்திலா ஓய்ந்த காலத்திலா விழுகிறது என்பது ஒன்று, தகராறு தீர்க்கும் பிரிவின் கடைசி வரியில் கமிஷன் 'தீர்ப்பளிக்கும்' என்று இருக்கிறதா, 'இரு தரப்பும் சம்மதித்தால்' என்ற சொற்கள் சேர்ந்திருக்கின்றனவா என்பது இன்னொன்று.